சுகாதாரப் பொருளியல் ஆய்வுகளில் எங்கள் ஊர் எங்கே? திருகோணமலையில் இருந்தபடியே எண்ணிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு மருந்தோ தடுப்பூசியோ கொடுக்கிற காசுக்குப் பெறுமதிதானா என்று கணக்குப் பார்க்கும் ஆய்வுகள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் வெளிவருகின்றன. அவை எந்த நாட்டு நோயாளியைப் பற்றியவை என்பதை இலண்டனில் வேலை செய்யும் பிட், குட்மன், ஹான்சன் என்ற மூவர் எண்ணிப் பார்த்து 2016இல் எழுதினார்கள். 2012 ஜனவரியிலிருந்து 2014 மே ஆரம்பம் வரை வந்தவை மட்டும் 2844 கட்டுரைகள். அவற்றில் 83 வீதம் பணக்கார நாடுகளைப் பற்றியவை. மேல்நடுத்தர வருமான நாடுகளுக்கு 14 வீதம், இலங்கையும் இந்தியாவும் அப்போது இருந்த கீழ்நடுத்தர வருமானக் கூட்டத்துக்கு 4, மிக வறிய நாடுகளுக்கு இன்னொரு 4. (கூட்டினால் நூறைத் தாண்டும். ஒரே கட்டுரை இரண்டு மூன்று நாடுகளைத் தொடுவதால் வருவது அது.)

இது புதுக் கதை இல்லை. வளரும் நாடுகளின் நோய்களுக்கு உலக மருத்துவ ஆய்வுப் பணத்தில் மிகச் சிறிய துண்டுதான் போகிறது என்று 1990இலேயே ஒரு சர்வதேச ஆணைக்குழு எழுதிவிட்டது, அதற்குப் பிறகு "பத்துக்குத் தொண்ணூறு இடைவெளி" (நோய்ச்சுமையின் தொண்ணூறு வீதத்துக்கு ஆய்வுப் பணத்தில் பத்து வீதம்தான்) என்று மாநாடு மாநாடாகப் பேசியும் ஆகிவிட்டது. நான் சொல்ல வருவது வேறு. உலக அளவில் எண்ணுவதற்கு இலண்டனில் ஆள் இருக்கிறது. கொழும்புக்கும் திருகோணமலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எண்ண வேண்டியது இங்கே இருக்கிற நாங்கள்தான், அதற்கு ஒரு மடிக்கணினியும் இணையமும் ஒரு விரிதாளும் போதும். வளாகத்தில் இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வேலை செய்பவர், பட்டப்படிப்புப் படிக்கும் தாதியர், ஊர்ச் செய்தி எழுதுபவர் எல்லாரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். புள்ளிவிபரவியல் பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை, வகுக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: எதை எண்ணப் போகிறீர்கள்?

ஏற்றத்தாழ்வு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் மூன்று வேறு கேள்விகள் இருக்கின்றன. ஆய்வு எந்த இடத்து மக்களைப் பற்றியது? எழுதியவர் எங்கே வேலை செய்கிறவர்? கணக்குக்குள் போட்ட எண்கள், அதாவது மருந்து விலை, நாட்கூலி, வாழ்க்கைத்தர மதிப்பு எல்லாம், எந்த ஊரில் எடுத்தவை? இலங்கையில் ஒரு தடுப்பூசி பற்றி என்று தலைப்பு இருக்கும், எழுதியவர் ஐரோப்பாவில் இருப்பார், வைத்தியசாலைச் செலவு இன்னொரு ஆசிய நாட்டில் இருந்து வந்திருக்கும். முதல் கேள்விக்கு அது இலங்கை ஆய்வு, மற்ற இரண்டுக்கும் இல்லை.

அதனால் விரிதாளில் முதலிலேயே மூன்று நிரல் போட்டுவிடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால் எல்லாக் கட்டுரையையும் மறுபடி திறக்க வேண்டி வரும். இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேலே சொன்ன ஆய்விலேயே விடை இருக்கிறது: பணக்கார நாடுகளைப் பற்றிய கட்டுரைகளில் 100 வீதத்திலும் அந்த வருமானக் கூட்டத்து எழுத்தாளர் ஒருவராவது இருந்தார், மேல்நடுத்தரத்தில் 86, கீழ்நடுத்தரத்தில் 54, வறிய நாடுகளில் 53. எங்களைப் பற்றி எழுதப்பட்ட கொஞ்சத்திலும் ஏறத்தாழப் பாதியில் எங்களைப் போன்ற எந்த நாட்டிலிருந்தும் ஒரு பெயர்கூட இல்லை.

படி 2: தேடல்

மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் தொடங்குங்கள், அது இலவசம். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் மெஷ் என்ற தலைப்புச் சொற்கள் ஒட்டியிருக்கும். "காஸ்ட் பெனிஃபிட் அனாலிசிஸ்" என்ற தலைப்புச் சொல்லின் கீழேயே செலவுப் பயன்திறன் ஆய்வுகளையும் (செலவுக்கு எவ்வளவு நலம் கிடைக்கிறது என்று பார்ப்பவை) நெடுங்காலம் சேர்த்துவந்தார்கள், பிறகுதான் அவற்றுக்குத் தனித் தலைப்புச் சொல் வந்தது, அதனால் இரண்டையும் எடுத்து, அதோடு "காஸ்ட்ஸ் அண்ட் காஸ்ட் அனாலிசிஸ்" என்பதையும் "குவாலிட்டி அட்ஜஸ்டட் லைஃப் இயர்ஸ்" என்பதையும் இடையில் "அல்லது" (OR) என்ற சொல் போட்டு இணையுங்கள். புதிய கட்டுரைகளுக்குத் தலைப்புச் சொல் ஒட்ட நாளாகும் என்பதால் இதே சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடும்படி இன்னொரு வரி சேருங்கள். பிறகு இடப்பெயர்.

இடப்பெயரில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். 1972க்கு முந்தைய கட்டுரைகளில் நாடு சிலோன். கிண்ணியாவையும் மூதூரையும் ஆங்கிலத்தில் ஆளாளுக்கு ஒரு எழுத்துக்கூட்டில் எழுதுகிறார்கள், கந்தளாய்க்குத் தமிழ் உச்சரிப்பில் ஒன்று, சிங்கள உச்சரிப்பில் ஒன்று. எல்லா வடிவத்தையும் போடுங்கள். "கிழக்கு மாகாணம்" என்பதையும் மறக்காதீர்கள், ஆனால் அதைத் தனியாகத் தேடினால் சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணம் வந்து கொட்டும், இலங்கையோடு சேர்த்தே தேட வேண்டும்.

எழுத்தாளரின் நிறுவன முகவரியை வைத்து எண்ணுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2014க்கு முன் பப்மெட் முதல் எழுத்தாளரின் முகவரியை மட்டுமே பதிந்தது, அதற்குப் பிறகுதான் எல்லாருடையதும். இது தெரியாமல் வரைபடம் போட்டால் 2014இலிருந்து இலங்கை எழுத்தாளர்கள் திடீரென்று பெருகியது போலக் காட்டும், நீங்களும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதிவிடுவீர்கள்.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. வறிய நாட்டைப் பற்றி எழுதும்போது தலைப்பிலேயே நாட்டின் பெயரைப் போடுவதும், அமெரிக்காவையோ இங்கிலாந்தையோ பற்றி எழுதும்போது பெயரே போடாமல் பொது உண்மை போல எழுதுவதும் வழக்கம். 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட சமூக அறிவியல் கட்டுரைகளை வைத்து 2022இல் வந்த ஒரு ஆய்வு இதை எண்ணிக் காட்டியிருக்கிறது. ஆகவே நாட்டுப் பெயரைத் தலைப்பில் தேடி எண்ணினால் பணக்கார நாடுகளின் பங்கு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் சுருக்கத்தையும், தேவைப்பட்டால் முழுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியையும் பார்க்காமல் விடாதீர்கள்.

பப்மெட்டோடு நிறுத்த வேண்டாம். ஓப்பன்அலெக்ஸ் என்ற ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் 2022இலிருந்து இலவசமாக இருக்கிறது, நிறுவனத்தின் நாட்டை வைத்து வடிகட்ட அது வசதி. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் செலவுப் பயன்திறன் பதிவேட்டில் குவாலி கணக்குகள் ஒரு பக்கம், டாலி கணக்குகள் ஒரு பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். குவாலி என்பது நலத்தோடு வாழ்ந்த ஆண்டு, டாலி என்பது நோயாலும் சாவாலும் இழந்த ஆண்டு, இந்த இடத்துக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். எங்களுக்கு முக்கியமானது இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத் தொகுப்பான ஸ்ரீ லங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன். சமுதாய மருத்துவர்களின் சஞ்சிகை முதலானவற்றில் மாவட்ட அளவுச் செலவுக் கட்டுரை ஏதாவது இருந்தால் அங்கே கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். கூகுள் ஸ்கொலர் கைக்கு வசதிதான், ஆனால் நாளைக்கு இன்னொருவர் அதே சொல்லைத் தேடினால் அதே பட்டியல் வராது, எனவே எண்ணிக்கைக்கு அதை நம்பக் கூடாது.

தேடிய சொல் வரிசை, தேடிய திகதி, வந்த எண்ணிக்கை மூன்றையும் அப்போதே ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

படி 3: சலித்தெடுத்தல்

வந்ததில் பெரும்பகுதி வேண்டாதது. "காஸ்ட்" என்ற சொல் சுருக்கத்தின் கடைசி வரியில் வந்ததற்காக மட்டும் பட்டியலில் ஏறியவை நிறைய இருக்கும். இரண்டு தெரிவை ஒப்பிட்டுச் செலவையும் பலனையும் பார்த்த முழு மதிப்பீடு, செலவை மட்டும் எண்ணியது, குடும்பங்கள் கைக்காசு செலவழித்ததைப் பற்றியது என்று மூன்று வகையாகப் பிரித்தால் போதும். முழு மதிப்பீடு மட்டும்தான் எடுப்பேன் என்று கறாராக நின்றால் திருகோணமலைக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம், அதுவும் ஒரு விடைதான், ஆனால் மற்ற இரண்டையும் எண்ணி வைத்திருந்தால் எது இல்லை என்று சரியாகச் சொல்லலாம்.

இரண்டு பேர் தனித்தனியே சலித்து, ஒத்துப்போகாததை மூன்றாம் ஆள் பார்ப்பது வழக்கம். பல நாட்டு மாதிரிக் கணக்குகளைத் தனி நிரலில் போடுங்கள். எழுபது எண்பது நாடுகளுக்கு ஒரே சூத்திரம் ஓடவிட்டு இலங்கைக்குப் பின்னிணைப்பில் ஒரு வரி கொடுத்ததை இலங்கை ஆய்வு என்று எண்ணினால் எங்கள் எண்ணிக்கை வீங்கும், நடந்தது ஒன்றுமில்லை.

படி 4: எதனால் வகுப்பது

வெறும் எண்ணிக்கை எதையும் காட்டாது. பங்கைப் பங்கால் வகுங்கள். முதல் பந்தியில் சொன்ன எண்களையே எடுப்போம். அந்த ஆண்டுகளில் உலக மக்களில் பணக்கார நாடுகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 18 வீதம், கட்டுரைகளில் அவர்களின் பங்கு 83. வகுத்தால் 4.6. கீழ்நடுத்தர நாடுகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 35 வீதம், கட்டுரைப் பங்கு 4. வகுத்தால் 0.11. ஒன்று வந்தால் நியாயமான பங்கு. தலைக்கு எண்ணினால் இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 மடங்கு வித்தியாசம்.

மக்கள்தொகைக்குப் பதிலாக நோய்ச்சுமையால் வகுப்பது இன்னும் நல்லது. உலக நோய்ச்சுமை ஆய்வின் டாலி எண்களை நாடு வாரியாக, நோய் வாரியாக இலவசமாக இறக்கலாம். எந்த நோய் அதிகமோ அந்த நோய்க்கு ஆய்வும் அதிகம் என்ற பொருத்தம் பணக்கார நாடுகளில்தான் கூடுதலாகத் தெரிந்தது, மற்ற நாடுகளில் அது தளர்ந்து கிடந்தது, இதையும் அந்த 2016 கட்டுரையே சொல்கிறது. அதாவது பிரச்சினை எண்ணிக்கை குறைவு என்பதோடு நிற்கவில்லை, இருக்கிற கொஞ்சமும் எங்கள் நோய்களுக்கு ஏற்றபடி பங்கிடப்படவில்லை.

"எங்களிடம் நல்ல ஆய்வாளர் இல்லை, அதுதான்" என்று யாராவது சொன்னால் பொருளியல் முழுவதையும் பற்றிய ஒரு எண்ணிக்கையைக் காட்டுங்கள். ஜிஷ்ணு தாஸும் உலக வங்கியில் அவரோடு சேர்ந்தவர்களும் 1985க்கும் 2005க்கும் இடையில் வந்த 76,046 கட்டுரைகளைப் பார்த்தார்கள். அமெரிக்காவைப் பற்றி 36,649, புருண்டியைப் பற்றி 4. நாட்டின் வருமானம் கூடக் கூட அதைப் பற்றிய கட்டுரைகளும் கூடுகின்றன என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் மற்றக் காரணங்களையெல்லாம் கழித்த பிறகும், முதல் ஐந்து சஞ்சிகைகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அமெரிக்கா பற்றிய கட்டுரைக்கு 2.6 வீதப் புள்ளி அதிகமாக இருந்தது. மற்ற நாடுகளைப் பற்றியவற்றில் அந்தச் சஞ்சிகைகளை எட்டியதே 1.5 வீதம்தான், அதோடு வைத்துப் பார்த்தால் 2.6 எவ்வளவு பெரிதென்று விளங்கும்.

படி 5: இப்போது நாட்டுக்குள்ளே வாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவு நீளம். சலித்தெடுத்த இலங்கைக் கட்டுரைகளுக்கு எதிரே "மாவட்டம்" என்று ஒரு நிரல் போட்டு, தரவு எடுத்த இடத்தை எழுதுங்கள். சுருக்கத்தில் பெரும்பாலும் இருக்காது, செய்முறைப் பகுதியில் "ஒரு போதனா வைத்தியசாலையில்" என்று நழுவியிருப்பார்கள், நன்றியுரையில் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பார்த்தால் ஊர் தெரிந்துவிடும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் 3,79,541 பேர், நாட்டின் மக்களில் 1.9 வீதத்துக்குக் கிட்ட. கொழும்பு மாவட்டம் 11 வீதத்துக்குச் சற்று மேல். மாவட்டம் குறிப்பிட்ட கட்டுரைகள் நூறு கிடைத்தால் நியாயப்படி எங்களுக்கு இரண்டு, கொழும்புக்குப் பதினொன்று. உங்கள் எண்ணிக்கையை இதோடு வைத்துப் பாருங்கள். 2024 கணக்கெடுப்பும் நடந்துவிட்டது, அண்மைய கட்டுரைகளுக்கு அதன் எண்களை எடுப்பதே சரி.

கட்டுரை எழுதாமல் போனது ஒரு பக்கம், எழுதுவதற்குத் தரவே இல்லாமல் போனது இன்னொரு பக்கம். குடும்பங்கள் மருந்துக்கும் வைத்தியருக்கும் கைக்காசு எவ்வளவு செலவழிக்கின்றன என்று பார்க்க எல்லாரும் கை வைப்பது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவு அளவீட்டில். அதன் 2006/07 சுற்றில் வட மாகாணம் இல்லை, கிழக்கில் திருகோணமலை மாவட்டம் மட்டும் இல்லை. மட்டக்களப்பும் அம்பாறையும் இருந்தன, நாங்கள் இல்லை. மாவிலாற்றுச் சண்டையும் மூதூர்ச் சண்டையும் நடந்த ஆண்டு அது, யாரும் வீடு வீடாகப் போயிருக்க முடியாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு விடுபட்டன. 25 மாவட்டமும் முதன்முறையாக உள்ளே வந்தது 2012/13இல்தான். குடிசன மதிப்பீட்டிலும் அதே கதை, 1981க்குப் பிறகு எங்களை முழுதாக எண்ணியது 2012இல், இடையில் வந்த 2001 கணக்கெடுப்பு முழுமையாக நடந்த 18 மாவட்டங்களில் திருகோணமலை சேராது. குடிசன சுகாதார அளவீடும் 1987, 1993, 2000 சுற்றுகளில் வடக்கு கிழக்கை விட்டுவிட்டது.

இந்த அளவீடுகளை வைத்து எழுதிய கட்டுரைகளில் "இலங்கை" என்றுதான் தலைப்பு இருக்கும். விடுபட்ட மாவட்டங்கள் அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும் அடுத்த கட்டுரையில் அந்தப் பொடி எழுத்தும் காணாமல் போய்விடும். ஆகவே மாவட்ட நிரலுக்குப் பக்கத்தில் "எந்த அளவீடு, எந்தச் சுற்று, யார் விடுபட்டார்கள்" என்று இன்னொரு நிரல் போட்டே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு நிரலை ஒழுங்காக நிரப்பினாலே ஒரு கட்டுரைக்குப் போதுமான விஷயம் சேர்ந்துவிடும்.

படி 6: கடன் வாங்கிய எண்களைப் பிடிப்பது

மூன்றாவது கேள்வி ஞாபகம் இருக்கிறதா, கணக்குக்குள் போன எண்கள் எங்கே எடுத்தவை என்பது. இதற்குக் கட்டுரையின் உள்ளீட்டு அட்டவணையை வரி வரியாகப் படிக்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

வாழ்க்கைத்தரத்தில் தொடங்குங்கள். ஈகியூ-5டி என்ற ஐந்து கேள்வித் தாளில் நோயாளி சொன்னதை ஒரு எண்ணாக மாற்ற ஒரு மதிப்பு அட்டவணை வேண்டும். இங்கிலாந்து மக்களிடம் கேட்டுச் செய்து 1997இல் வெளியிட்ட அட்டவணையை உலகமே நெடுங்காலம் பயன்படுத்தியது. நடக்க முடியாமல் போவது எவ்வளவு கெடுதல் என்று இங்கிலாந்துக்காரர் நினைப்பதும், வலை இழுத்துப் பிழைக்கிற ஒரு குச்சவெளிக்காரர் நினைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே. இலங்கைக்கென்று மூன்று நிலைப் பதிப்புக்கான (ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடை உள்ளது) அட்டவணை 2015இல் வந்துவிட்டது, இந்தியாவின் ஐந்து நிலை அட்டவணை 2022இல் வந்தது. 2015க்குப் பிறகு வந்த இலங்கைக் கட்டுரை இன்னும் இங்கிலாந்து அட்டவணையில் கணக்குப் போட்டிருந்தால் அதைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது எல்லைக்கோடு. ஒரு டாலியைக் காப்பாற்ற ஆகும் செலவு தலைக்குரிய மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால் பயன்திறன் உள்ளது, ஒரு மடங்குக்குள் இருந்தால் மிகவும் பயன்திறன் உள்ளது என்று ஒரு கைவிதி எங்கும் பரவியது. 2016இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆட்களே இதைத் தீர்ப்பு விதியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். பணக்கார நாடுகள் தங்களுக்கென்று ஒரு எல்லைக்கோட்டை வைத்துக்கொள்கின்றன, இங்கிலாந்தில் அது ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண் என்று பல ஆண்டுகள் இருந்தது. மற்ற நாட்டுக் கட்டுரைகளில் மூன்று மடங்கு விதி இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

பிறகு விலையும் ஆண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேல், மே மாதம் 360க்குக் கிட்ட. "செலவு இத்தனை டொலர்" என்று எழுதி எந்த மாத மாற்றுவிகிதம் என்று சொல்லாத இலங்கைக் கட்டுரையை அந்த ஆண்டுக்கு ஒப்பிடவே முடியாது.

ஊருக்கு ஊர் மாறும் செலவுக்கு ஒரு நல்ல உதாரணம் டெங்கு. 2012இல் கொழும்பு மாவட்டத்தில் டெங்குக் கட்டுப்பாட்டுக்கும் வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் அரச சுகாதாரத்துறை செலவழித்ததை ஒரு குழு கவனமாக எண்ணி 2016இல் வெளியிட்டது: சுமார் 34.5 இலட்சம் டொலர், தலைக்கு ஒன்றரை டொலர். அருமையான வேலை. ஆனால் 2017இல் நாடு முழுவதும் 1,86,101 டெங்கு நோயாளர்கள் பதிவானபோது, ஆரம்ப மாதங்களிலேயே கிண்ணியா தத்தளித்ததே, அந்தச் செலவைக் கொழும்பின் தலைக்கு ஒன்றரை டொலரால் பெருக்கிச் சொல்ல முடியுமா? கொழும்பில் பெரிய வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. இங்கே கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு அனுப்பும் அம்பியூலன்ஸ், கூட நிற்க வந்தவரின் இரவுகள், மூடிய கடை எல்லாம் வேறு கணக்கு, அதிலும் அரச செலவை மட்டும் எண்ணிய ஒரு கட்டுரையில் வீட்டுச் செலவுக்கு இடமே இல்லை. பழைய எண்ணும் உதவாது, கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முந்தைய பயணச் செலவு துறையில் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்திருந்த காலத்தது.

படி 7: இல்லாத எண்ணை நீங்களே எடுப்பது

எண்ணி முடித்ததும் எந்த எண் இங்கே இல்லை என்று தெரிந்துவிடும். பெரிய திட்டம் போட வேண்டாம், ஒரு கிளினிக், ஒரு நோய், ஒரு கேள்வி. என் கருத்தில் இங்கிருந்து தொடங்க மிக நல்லது கிளினிக் நாளின் செலவு. இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் நாட்டின் சுகாதாரச் செலவில் பாதிக்குக் கிட்ட மக்களின் கைக்காசு. அந்தக் காசு எங்கே போகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

வெருகல் பக்கத்திலிருந்து திருகோணமலை பொது வைத்தியசாலைக்குச் சீனி வியாதிக் கிளினிக்குக்கு வரும் ஒரு அம்மாவை எடுங்கள். விடிய முன்னம் பஸ், துணைக்கு மகள், மகளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. நம்பர் எடுத்து உட்கார்ந்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்த பிறகு வெளியே வந்து தேத்தண்ணியும் பணிஸும். உள்ளே இல்லாத மருந்துக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்கள், அதை வெளிப் பார்மசியில் வாங்க வேண்டும், காசு போதாவிட்டால் பத்து நாளைக்கு மட்டும் வாங்குவார்கள். பஸ் தப்பினால் ஓட்டோ. இதில் ஒரு சதமும் வைத்தியசாலைக் கணக்கில் ஏறாது. கேள்வித்தாளில் ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்க வேண்டும், "போக்குவரத்துச் செலவு எவ்வளவு" என்று மொத்தமாகக் கேட்டால் ஆட்கள் பஸ் காசை மட்டும் சொல்வார்கள், துணைக்கு வந்தவரின் காசை விட்டுவிடுவார்கள். முழு மருந்தும் வாங்காமல் விட்டதைத் தனியாகக் கேளுங்கள். வாங்காததற்குச் செலவு பூச்சியம் என்று பதிந்தால் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம்தான் மிகக் குறைவாகச் செலவழித்தது போலக் கணக்கில் நிற்கும்.

கிளினிக் கொப்பி ஒரு பொக்கிஷம். திகதி எல்லாம் அதில் இருக்கும், போன தடவை எப்போது வந்தார், எத்தனை தவணை தவறினார் என்று நினைவை நம்பாமல் எடுக்கலாம். செலவைப் பொறுத்தவரை கடைசி வருகையை மட்டும் கேளுங்கள், ஆறு மாதத்துக்கு முந்தைய பஸ் காசை யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

நாட்கூலியில் கவனம். மாதச் சம்பளக்காரருக்கு லீவு, கடற்றொழிலாளிக்கு அந்த நாள் போயே போய்விட்டது, அதுவும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் எப்படியும் வள்ளம் இறங்காது என்றால் இழப்பும் இல்லை. அதனால் நேர்காணலை ஒரே பருவத்தில் முடித்துவிடாதீர்கள். கேள்வித்தாள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும், கந்தளாய், கோமரங்கடவலப் பக்கத்து நோயாளர்களை மொழிக்காக விட்டுவிட்டு மாவட்டம் முழுவதற்கும் என்று எழுதினால் கொழும்பில் இருந்து எங்களை விட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஈகியூ-5டி பயன்படுத்தினால் அதன் உரிமை வைத்திருக்கும் யூரோகோல் அமைப்பில் பதிந்து அனுமதி எடுங்கள், தமிழ்ப் பதிப்பு வரும்போது அது எந்த நாட்டுத் தமிழ் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒழுக்கநெறிக் குழு அனுமதி முதலில், தரவு பிறகு. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்புப் பீடத்திலும் யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்திலும் குழுக்கள் இருக்கின்றன. அதோடு வைத்தியசாலைப் பணிப்பாளரின் கடிதம், மாவட்டத்துக்குள் கீழ்நிலை வைத்தியசாலைகள் என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கடிதம். தரவு எடுத்து முடித்துவிட்டு அனுமதி கேட்டால் கிடைக்காது, கிடைத்ததாகக் காட்டினாலும் சஞ்சிகை திகதியைப் பார்க்கும்.

படி 8: வெளியிடுவது

கட்டுரையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று காட்டும் சீயர்ஸ் 2022 என்ற 28 அம்சப் பட்டியலை எழுதத் தொடங்கும்போதே பக்கத்தில் வையுங்கள். முழு மதிப்பீட்டுக்காகச் செய்தது என்றாலும் யாருடைய பார்வையில் செலவு, எந்த ஆண்டின் ரூபா, எந்த இடம் போன்ற கேள்விகள் செலவுக் கட்டுரைக்கும் பொருந்தும்.

திறந்த அணுக்கச் சஞ்சிகைகள் (யாரும் காசில்லாமல் படிக்கக்கூடியவை) எழுதுபவரிடம் கேட்கும் கட்டணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல பதிப்பகங்கள் நாட்டின் வருமான வகுப்பைப் பார்த்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன அல்லது குறைக்கின்றன, ஆனால் அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் இழுபறி. உலக வங்கி இலங்கையை 2019 ஜூலையில் மேல்நடுத்தர வருமான நாடாக ஏற்றி 2020 ஜூலையில் திரும்பக் கீழே இறக்கியது, எனவே பழைய பட்டியலை நம்பாமல் பதிப்பகத்தின் பக்கத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். சந்தாச் சஞ்சிகையும் திறந்த அணுக்கமும் கலந்தவற்றுக்குத் தள்ளுபடி பெரும்பாலும் கிடையாது, அங்கே சந்தா வழியிலேயே இலவசமாக வெளியிட்டு, அவர்கள் அனுமதிக்கும் கையெழுத்துப் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் போடலாம். ஆசியா போன்ற பகுதிகளின் ஆய்வுக்கென்றே 2012இல் தொடங்கிய வல்யூ இன் ஹெல்த் ரீஜனல் இஷ்யூஸ் என்ற சஞ்சிகை ஒரு நல்ல இலக்கு. "உங்கள் பொன்னான கட்டுரையை மூன்று நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சலில் வருகிறவர்களை அழித்துவிடுங்கள்.

வெளிக் குழு ஒன்று வந்து, தரவு எடுத்துத் தரச் சொன்னால்? வரட்டும், நல்லதுதான், பணமும் முறையும் அவர்களிடம் இருக்கும். ஆனால் முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எழுத்தாளர் வரிசையில் இங்கே யார், பகுப்பாய்வில் யார் உட்காருவார், தரவின் பிரதி எங்கே இருக்கும். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நிபந்தனைப்படி தரவு சேகரித்தால் மட்டும் எழுத்தாளர் ஆகிவிட முடியாது, எழுதுவதிலும் திருத்துவதிலும் பங்கு வேண்டும், அதனால் வரைவைப் படித்துத் திருத்தும் உரிமையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். "உள்ளூர் ஆட்களுக்கு நன்றி" என்ற வரியில் முடிந்துபோன உழைப்பு இந்த மாவட்டத்தில் ஏராளம்.

கட்டுரை வந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் சிங்களச் சுருக்கமும் செய்து பணிப்பாளர் அலுவலகத்துக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) கொடுங்கள். பஸ் நேரத்தையும் கிளினிக் நேரத்தையும் பொருத்துவது போன்ற முடிவுகளை எடுப்பவர் ஆங்கிலச் சஞ்சிகையைத் திறக்கப் போவதில்லை.

எண்ணிக்கை விரிதாளையும் செலவுத் தரவையும் ஸெனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் போட்டுவிட்டால் அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போடுவதற்கு முன் பெயரும் கிளினிக் இலக்கமும் நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். கிராம சேவையாளர் பிரிவு, வயது, நோய் மூன்றும் ஒரே நிரையில் இருந்தால் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் அது யார் என்று பெயர் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். பிரிவை நீக்கிப் பிரதேச செயலகம் என்று மட்டும் வையுங்கள், வயதைப் பத்துப் பத்தாகத் தொகுங்கள், அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு பதிவேற்றுங்கள்.